தொடர் தண்டுவட உணர்விழப்பு: கால் அறுவைக்குப் பிந்தைய வலி தணிப்பில் அளவும் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

இடுப்பு, தொடை, முழங்கால், கணுக்கால் ஆகிய பகுதிகளில் அறுவை செய்யும்போது முதுகின் கீழ்ப்பகுதியில் ஊசி செலுத்தி, உடலின் கீழ்ப்பாதியை மரத்துப்போகச் செய்வது வழக்கம். மருந்து முழுவதையும் ஒரே ஊசியில் செலுத்தாமல், மெல்லிய கதீட்டர் ஒன்றை மூளைத் தண்டுவடத் திரவத்தினுள் நிறுத்திச் சிறுசிறு அளவாக அளிக்கும் முறை தொடர் தண்டுவட உணர்விழப்பு எனப்படும். அக்கதீட்டரை அறுவைக்குப் பின்னும் வைத்திருந்தால் வலி தணிப்பிற்கும் அது பயன்படும். இம்முறையின் செயல்பாடு, வரலாறு, 1992இல் அது சந்தித்த பின்னடைவு, இன்று அதற்குரிய இடம் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. மிகக் குறைந்த மருந்து நரம்பை நேராகச் சென்றடைவதே இம்முறையின் நன்மைக்கும் இடருக்கும் ஒருங்கே காரணம் என்பதும், எப்போது மருந்தை நிறுத்த வேண்டும் என்பதை முன்னரே வரையறுப்பதே இதன் பாதுகாப்பு என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

திறவுச் சொற்கள்

தண்டுவட உணர்விழப்பு, கதீட்டர், மூளைத் தண்டுவடத் திரவம், பியூபிவகெய்ன், குதிரைவால் நரம்புத் தொகுதி, வலி தணிப்பு.

முன்னுரை

அறுவை நன்கு முடிந்த பின்னரும் நோயாளிக்கு ஒரு கடினமான காலம் எஞ்சியிருக்கிறது. மூட்டு மாற்று, தொடை எலும்பு முறிவு போன்றவற்றில் முதல் இரண்டு நாள்களின் வலி கடுமையானது. வலி தணியாத நோயாளி ஆழ்ந்து மூச்சிழுப்பதில்லை, இருமுவதில்லை, காலை அசைப்பதில்லை. இதனால் நுரையீரலில் சளி தேங்குதல், கால் சிரைகளில் இரத்தம் உறைதல், மூட்டு இறுகுதல் ஆகியவை நேரக்கூடும். முதியோர்க்கு மனக்குழப்பமும் தோன்றலாம். ஆகவே வலி தணிப்பு என்பது நோயாளியின் வசதிக்காக மட்டும் செய்யப்படுவதன்று. அது மருத்துவத்தின் இன்றியமையாத பகுதியாகும். அதற்கான வழிகளுள் ஒன்றே தொடர் தண்டுவட முறை. பரவலாகக் கையாளப்படாவிடினும், மருந்தின் அளவுக்கும் விளைவுக்கும் உள்ள உறவைத் தெளிவாகக் காட்டுவதால் இது தனித்து ஆராயத்தக்கது.

சொல்லும் பொருளும்

தமிழில் ‘மயக்க மருந்து’ என்னும் சொல் முழு மயக்கத்தையும் உடலின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்வதையும் வேறுபாடின்றிக் குறிக்கிறது. தண்டுவட முறையில் நோயாளி மயங்குவதில்லை; விழித்திருக்கிறார், பேசுகிறார், அறுவை அரங்கின் ஓசைகளைக் கேட்கிறார். மயக்கம் என்னும் சொல்லைக் கேட்டு இசைவளித்தவர், விழித்திருக்கும் நிலையில் அறுவை தொடங்குவதைக் கண்டு அஞ்ச இடமுண்டு. ‘முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தல்’ என்னும் மக்கள் வழக்கு இவ்விடத்தில் பொருளை இன்னும் சரியாக உணர்த்துகிறது. இக்கட்டுரையில் ‘உணர்விழப்பு’ என்னும் சொல் இப்பொருளிலேயே ஆளப்படுகிறது.

உடலமைப்பும் செயல்முறையும்

வளர்ந்தவர்களிடம் தண்டுவடம் பெரும்பாலும் முதலாம் இடுப்பு முள்ளெலும்பின் கீழ்விளிம்பளவில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டும் குதிரையின் வால்மயிர் போலத் தொங்குகின்றன. ஆதலின் அவை குதிரைவால் நரம்புத் தொகுதி எனப் பெயர் பெற்றன. டியூரா என்னும் கடினச் சவ்வும் அதன் உட்புறத்தே அரக்னாய்டு என்னும் மென்சவ்வும் சேர்ந்த பை ஒன்று இவற்றைச் சூழ்ந்துள்ளது. அப்பையினுள் இருப்பது மூளைத் தண்டுவடத் திரவம். மூன்றாம், நான்காம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையிலோ அதற்குக் கீழுள்ள இடைவெளியிலோ ஊசியைச் செலுத்தினால் தண்டுவடத்தைத் தொடாமல் இத்திரவத்தை அடையலாம்.

டியூராவிற்கு வெளியே மருந்தைச் செலுத்துவது எபிடியூரல் முறை. உள்ளே திரவத்திலேயே செலுத்துவது தண்டுவட முறை. எபிடியூரல் முறையில் மருந்து சவ்வுகளைக் கடந்தே நரம்பு வேரை அடைய வேண்டும். அதில் ஒரு பகுதி கொழுப்பிலும் இரத்தத்திலும் கலந்துவிடும். தண்டுவட முறையில் அத்தகைய தடை இல்லை. எடுத்துக்காட்டாக, 0.125 விழுக்காட்டு பியூபிவகெய்ன் கரைசலை எபிடியூரல் கதீட்டர் வழியாக மணிக்கு 6 மில்லிலிட்டர் வீதம் செலுத்தினால் ஒரு நாளில் 180 மில்லிகிராம் மருந்து உட்செல்லும். அதே கரைசலைத் தண்டுவடக் கதீட்டர் வழியாக மணிக்கு 1 மில்லிலிட்டர் வீதம் செலுத்தினால் ஒரு நாளில் உட்செல்வது 30 மில்லிகிராம் மட்டுமே. இரத்தத்தில் மருந்து மிகுந்து இதயத்தையும் மூளையையும் தாக்கும் இடர் இவ்வாறு பெரிதும் குறைகிறது.

ஒற்றை ஊசியின் இரு குறைகள்

ஒரே முறை மருந்தளிக்கும் வழக்கமான தண்டுவட முறை எளியது, விரைவானது, நம்பகமானது. எனினும் அதில் இரு குறைகள் உள்ளன. முதலாவது, கால எல்லை. பியூபிவகெய்னின் விளைவு சில மணி நேரத்தில் தேய்ந்துவிடும். வலி மிகும் வேளையில் மருந்து இருப்பதில்லை. இரண்டாவது, செலுத்திய மருந்தைத் திரும்பப் பெற இயலாமை. ஒருவருக்கு எவ்வளவு மருந்து தேவை என்பதை முன்கூட்டியே துல்லியமாகக் கணிக்க முடியாது. திரவத்தின் கொள்ளளவு ஆளுக்கு ஆள் வேறுபடுவது இதற்கு ஒரு காரணம். எனவே மருத்துவர் குறைந்துவிடாதபடி சற்று மிகுதியாகவே அளிக்க நேர்கிறது.

இம்மிகுதியின் விளைவு இரத்த அழுத்தத்தில் தெரியும். இரத்தக் குழாய்களைச் சுருங்கிய நிலையில் வைத்திருக்கும் பரிவு நரம்புகள் முதல் மார்பு நரம்பிலிருந்து இரண்டாம் இடுப்பு நரம்பு வரையுள்ள தண்டுவடப் பகுதியிலிருந்து புறப்படுகின்றன. காலின் உணர்வு நரம்புகளோ பெரும்பாலும் இடுப்பு, திருவெலும்பு நரம்புகளைச் சார்ந்தவை. கால் அறுவைக்கு உணர்விழப்பு தொப்புளுக்குக் கீழேயே நின்றாலும் பெரும்பாலும் போதும். மருந்து மார்பு வரை ஏறினால் தேவையற்ற பரிவு நரம்புகளும் செயலிழந்து, இரத்தக் குழாய்கள் விரிந்து, அழுத்தம் திடீரென வீழும். இளைஞர் இதைத் தாங்குவர். இதயத்தின் பெருந்தமனி வால்வு சுருங்கிய முதியவர்க்கோ இவ்வீழ்ச்சி உயிருக்கே இடராகலாம்.

தொடர் முறை இவ்விரு குறைகளுக்கும் விடை தேடுகிறது. 0.5 விழுக்காட்டு பியூபிவகெய்னில் அரை மில்லிலிட்டர், அதாவது 2.5 மில்லிகிராம், முதலில் அளிக்கப்படுகிறது. பத்து முதல் பதினைந்து நிமிடங்கள் காத்திருந்து உணர்விழப்பு எதுவரை ஏறியது என்று பார்த்த பின்னரே அடுத்த பகுதி அளிக்கப்படுகிறது. ஒற்றை ஊசியில் 10 முதல் 15 மில்லிகிராம் வரை அளிப்பது வழக்கமாயிருக்க, இம்முறையில் அதினும் குறைந்த அளவே பல முதியவர்க்குப் போதுமானதாகிறது. இரத்த அழுத்தம் மெல்ல இறங்குவதால் அதை ஈடுசெய்ய உடலுக்கும் மருத்துவருக்கும் நேரம் கிடைக்கிறது.

வரலாற்றுப் படிநிலைகள்

தண்டுவட முறையின் தொடக்கமே கால் அறுவையோடு பிணைந்தது. 1898 ஆகஸ்ட் 16 அன்று ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பீர் என்னும் அறுவை மருத்துவர், கணுக்கால் மூட்டில் காசநோய் கண்ட 34 வயதுத் தொழிலாளி ஒருவருக்குக் கோகெய்னைத் தண்டுவடத் திரவத்தில் செலுத்தி அறுவை செய்தார். எட்டு நாள்களுக்குப் பின் பீரும் அவருடைய உதவியாளர் ஹில்டபிராண்டும் தம் உடல்களிலேயே இதைச் சோதித்தனர். பீருக்குச் செலுத்த முயன்றபோது மருந்துக்குழல் ஊசியோடு பொருந்தாததால் மருந்து வீணாகித் திரவமும் மிகுதியாக வெளியேறியது. அதன்பின் அவர் பல நாள்கள் தலைவலியால் அவதியுற்றார். டியூராவில் இட்ட துளை வழியே திரவம் கசிவதால் வரும் இத்தலைவலி, தொடர் முறையின் வரலாறு முழுவதும் உடன்வருகிறது.

ஒரே தடவை அளித்த மருந்து அறுவை முடியுமுன் தேய்ந்துவிடும் சிக்கலுக்குத் தீர்வாக, ஊசியை முதுகிலேயே விட்டுவைத்து மீண்டும் மருந்தளிக்கும் எண்ணத்தை 1907இல் இலண்டனைச் சேர்ந்த ஹென்றி பெர்சி டீன் வெளியிட்டார். 1940இல் அமெரிக்கரான வில்லியம் லெம்மன் வளையும் தன்மையுள்ள ஊசியையும், ஊசி அழுந்தாதவாறு இடையே இடைவெளி விட்ட மெத்தையையும் பயன்படுத்தி இதை நடைமுறைக்குக் கொணர்ந்தார். 1944இல் எட்வர்டு டூகி, சிறுநீர் நாளத்தில் செலுத்துவதற்கான கதீட்டரைத் தடித்த ஊசியின் வழியே தண்டுவடத் திரவத்தினுள் செலுத்தி, ஊசியை உருவிவிட்டார். நோயாளி மல்லாந்து படுக்க இயன்றது. பின்னர், கதீட்டர் வேண்டிய திசையில் திரும்பும்படி நுனி வளைந்த ஊசியை அவர் கையாண்டார். 1947இல் ஹவானாவில் மனுவேல் மார்ட்டினெஸ் குர்பெலோ அதே ஊசியைக் கொண்டு எபிடியூரல் பகுதியில் கதீட்டரைச் செலுத்தினார். தண்டுவட முறைக்காகக் கைக்கொண்ட ஊசி இன்று உலகெங்கும் எபிடியூரல் ஊசியாகவே அறியப்படுகிறது.

தொடர் தண்டுவட முறை பின்தங்கியதற்குத் தடித்த ஊசியால் வரும் தலைவலி ஒரு காரணம். நரம்பு பாதிக்கப்படுமோ என்னும் அச்சம் மற்றொன்று. 1947இல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டு நகரில் ஒரே நாளில் தண்டுவட ஊசி பெற்ற இருவரின் கால்கள் செயலிழந்தன. வழக்கு நீதிமன்றம் வரை சென்றதால், பிரித்தானியாவில் தண்டுவட முறையே நெடுங்காலம் ஒதுக்கப்பட்டது. அமெரிக்காவில் டிரிப்ஸ், வாண்டம் ஆகிய இருவரும் 10,098 தண்டுவட உணர்விழப்புகளைத் தொடர்ந்து கவனித்துப் பெரிய நரம்புக் கேடு எதுவும் காணப்படவில்லை என 1954இல் வெளியிட்ட ஆய்வு நம்பிக்கையை ஓரளவு மீட்டது.

நுண் கதீட்டரும் 1992இன் தடையும்

தலைவலிக்குக் காரணம் துளையின் அளவு என்றால், துளையைச் சிறிதாக்குவதே தீர்வு எனக் கருதப்பட்டது. 1990இல் ஹர்லி, லாம்பர்ட் ஆகியோர் 26 கேஜ் ஊசியின் வழியே 32 கேஜ் நுண் கதீட்டரைச் செலுத்தும் முறையை வெளியிட்டனர். கேஜ் எண் கூடக் குழாயின் பருமன் குறையும். இவற்றிலும் 28 கேஜ் கதீட்டர்களிலும் மருந்து மிக மெதுவாகவே வெளியேறும்.

அடுத்த ஆண்டே ரிக்லரும் அவருடைய குழுவினரும் தொடர் தண்டுவட முறைக்குப் பின் குதிரைவால் நரம்புத் தொகுதி கேடுற்ற நால்வரைப் பற்றி எழுதினர். மலம், சிறுநீர் ஆகியவற்றை அடக்கும் ஆற்றல் குன்றுதல், உட்காருமிடத்தைச் சுற்றி உணர்வு மறைதல், கால் தளர்தல் ஆகியவை இக்கேட்டின் அறிகுறிகள். 1992 மே மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்து, 24 கேஜினும் மெல்லிய தண்டுவடக் கதீட்டர்களை அந்நாட்டில் பயன்பாட்டிலிருந்து அகற்றியது. ஐரோப்பாவில் அவை தொடர்ந்து பயன்படுத்தப்பட்டன.

இவ்விடத்தில் கருதத்தக்கது, நால்வரிடமும் பொதுவாக அமைந்த நிகழ்ச்சிமுறை. முதலில் அளித்த மருந்து திரவத்தில் பரவாமல் ஓரிடத்திலேயே தேங்கியது. குளுக்கோஸ் சேர்த்துக் கனமாக்கிய கரைசல், மெல்லிய குழாயிலிருந்து வேகமின்றி வழியும்போது, பையின் தாழ்ந்த பகுதியில் படிந்துவிடுகிறது. அங்கே சில நரம்பு வேர்கள் மட்டும் மரத்தன. அறுவைக்குத் தேவையான மேற்பகுதி மரக்கவில்லை. அதை மருந்துக் குறைவு எனக் கொண்டு மேலும் மருந்து அளிக்கப்பட்டது. அதுவும் அதே இடத்திலேயே சேர்ந்தது. முடிவில், ஒற்றை ஊசியில் வழக்கமாக அளிப்பதினும் மிகுந்த மருந்து ஒரு சிறு பகுதியைத் தாக்கியது. அக்காலத்தில் பயன்பட்ட 5 விழுக்காட்டு லிக்னோகெய்ன் போன்ற அடர்ந்த கரைசல்கள் அவ்வாறு தேங்கும்போது நரம்பையே சிதைக்கக்கூடியவை. நால்வருள் ஒருவருக்குப் பயன்பட்டது நுண் கதீட்டரன்று, வழக்கமான பருமனுள்ள எபிடியூரல் கதீட்டரே என்பது கருதத்தக்கது. எனவே குழாயின் மென்மை இடரைக் கூட்டியதாயினும், அதுவே முழுக் காரணம் அன்று. மருந்து போதவில்லை என்பதற்கும் மருந்து சரியாகப் பரவவில்லை என்பதற்கும் உள்ள வேறுபாடு உணரப்படாததே அடிப்படைக் காரணம் எனலாம்.

இதிலிருந்து சில நடைமுறை விதிகள் கிடைக்கின்றன. கதீட்டரைத் திரவத்தினுள் இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் செலுத்தலாகாது. மிக அடர்ந்த கரைசலைத் தவிர்க்க வேண்டும். மொத்த அளவிற்கு ஓர் உச்ச வரம்பை முன்னரே குறித்துக்கொள்ள வேண்டும். உணர்விழப்பு ஓரிடத்தில் மட்டும் தோன்றினால் மருந்தைக் கூட்டாமல், நோயாளியின் கிடக்கையை மாற்றிப் பார்க்க வேண்டும்; அல்லது கரைசலின் கனத்தை மாற்றலாம். அதுவும் பயன்படாவிடின் முறையையே கைவிட வேண்டும்.

அறுவைக்குப் பின்

அறுவையின்போது தசைகள் தளர வேண்டும். ஆதலின் மருந்து சற்று மிகுதியாகத் தேவை. அறுவைக்குப் பின் நோக்கம் வேறு: வலி அடங்க வேண்டும், கால் அசைய வேண்டும். மிகக் குறைந்த செறிவில் வலி உணர்வைக் கடத்தும் மெல்லிய நரம்பிழைகள் அடங்கினும், தசையை இயக்கும் தடித்த இழைகள் பெருமளவு செயல்படுகின்றன. எனவே நீர்த்த பியூபிவகெய்ன் மணிக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிலிட்டர் வீதம் மின்விசைக் குழல் வழியே செலுத்தப்படுகிறது. கால் முற்றிலும் அசையாது போனால் செலுத்துவதை நிறுத்திப் பார்ப்பது முறை. நிறுத்திய பின்னும் அசைவு திரும்பாவிடின் இரத்தக்கட்டு போன்ற வேறு காரணத்தை உடனே தேட வேண்டும்.

மற்றொரு வழி மார்ஃபின். 1979இல் வாங், நாஸ், தாமஸ் ஆகியோர் புற்றுநோய் வலிக்கு மார்ஃபினைத் தண்டுவடத் திரவத்தில் செலுத்திப் பயன் கண்டதை வெளியிட்டனர். நரம்பு வழி வலி கடத்தப்படுவதைத் தண்டுவடத்திலேயே அது தணிக்கிறது. கால் தசையைத் தளர்த்துவதில்லை. மூட்டு மாற்று அறுவைக்கு 100 முதல் 150 மைக்ரோகிராம் அளவே ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் வலியைக் குறைக்கக்கூடும். ஆயினும் மார்ஃபின் நீரில் எளிதில் கரைவது. திரவத்தில் நெடுநேரம் தங்கி மெல்ல மூளை நோக்கி நகர்வது. அதனால் பல மணி நேரம் கழித்து மூச்சு மந்தமாகலாம். அரிப்பு, குமட்டல், சிறுநீர் கழிக்க இயலாமை ஆகியவையும் நேரும். நோயாளியின் மூச்சு எண்ணிக்கையையும் விழிப்பு நிலையையும் ஒரு நாள் வரை தொடர்ந்து கவனிக்கும் வசதியுள்ள இடத்திலேயே இதைக் கையாள வேண்டும்.

வார்டில் எழும் இடர்கள்

அறுவை அரங்கில் மயக்கவியல் மருத்துவர் அருகிலேயே இருப்பார். வார்டில் நிலை வேறு. அங்கு எழும் முதல் இடர் ஆள்மாறாட்டத்தைப் போன்றது: தண்டுவடக் கதீட்டரும் எபிடியூரல் கதீட்டரும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. எபிடியூரலுக்குரிய 10 மில்லிலிட்டர் மருந்தைத் தண்டுவடக் கதீட்டரில் செலுத்தினால் உணர்விழப்பு மார்பைக் கடந்து ஏறி, மூச்சுத் தசைகள் செயலிழந்து, இரத்த அழுத்தம் சரியும். ஆகவே கதீட்டரின் மீதும் படுக்கையருகிலும் நோயாளிக் குறிப்பிலும் ‘தண்டுவடக் கதீட்டர்’ என்று தெளிவாக எழுதுவதும், மருந்து செலுத்தும் பொறுப்பை அறிந்தவர்க்கு மட்டும் அளிப்பதும் இன்றியமையாதவை. சிரைவழி ஊசிக்குழல்கள் இவற்றில் பொருந்தாதபடி இணைப்புகளின் வடிவை மாற்றியமைக்கும் பன்னாட்டுத் தரம் 2016இல் வெளியானது. பீரின் காலத்தில் தற்செயலாக நேர்ந்த பொருந்தாமை, இன்று பாதுகாப்பிற்காகத் திட்டமிட்டு உருவாக்கப்படுகிறது.

இரண்டாவது, வெற்றிடக் கொள்ளளவு. கதீட்டர், அதன் வடிகட்டி ஆகியவற்றின் உட்புறம் நிரம்பவே ஏறத்தாழ அரை மில்லிலிட்டர் தேவைப்படலாம். அளிக்கும் மருந்தும் அரை மில்லிலிட்டரே என்றால், அது முழுவதும் குழாயிலேயே தங்கிவிடக்கூடும். மருந்து பலிக்கவில்லை என எண்ணி மீண்டும் செலுத்தினால் கணக்கு பிழைபடும். குழாயை முன்னரே நிரப்பிய அளவைத் தனியே குறித்துவைப்பதே இதற்குத் தீர்வு.

மூன்றாவது, தொற்றும் இரத்தக்கசிவும். கதீட்டர் நெடுநாள் இருப்பின் மூளைச்சவ்வு அழற்சியின் வாய்ப்புக் கூடும். எனவே ஓரிரு நாள்களில் அகற்றிவிடுவது வழக்கம். மூட்டு மாற்று நோயாளிகளுக்கு இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் வகை மருந்து தரப்படுகிறது. குறைந்த மூலக்கூற்று எடையுள்ள ஹெப்பாரினைத் தடுப்பு அளவில் பெறுபவரிடம், கடைசி ஊசிக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம் கழிந்தே கதீட்டரை எடுக்க வேண்டும். கதீட்டரை எடுப்பதும் அதைச் செருகுவதைப் போன்றே இரத்தக்கசிவுக்கு வாய்ப்புள்ள செயல் என்பது வார்டுகளில் எளிதில் மறக்கப்படக்கூடியது.

நோயாளியின் சொல்லும் இங்கு ஒரு கருவி. ‘உட்காருமிடம் மதமதவென்று இருக்கிறது’, ‘சிறுநீர் வருவது தெரியவில்லை’ என்பன போன்ற கூற்றுகளைக் குதிரைவால் நரம்புக் கேட்டின் முதல் குறியாகக் கொள்ள வேண்டும். அவற்றை ஊசியின் இயல்பான விளைவு என ஒதுக்கிவிடலாகாது.

இன்றைய இடம்

தொடை, முழங்கால் நரம்புகளை அல்ட்ராசவுண்டு துணையுடன் தனித்தனியே மரக்கச் செய்யும் முறைகளும், அறுவைப் புண்ணைச் சுற்றி மருந்து செலுத்தும் முறையும், பலவகை வலி மருந்துகளைச் சிறு அளவில் இணைத்துத் தருவதும் இன்று வளர்ந்துள்ளன. அறுவை நாளன்றே நோயாளியை நடக்கச் செய்வது பல மையங்களின் இலக்கு. முதுகில் குழாயுடன் இருப்பது அதற்கு இடையூறு. எனவே எல்லாக் கால் அறுவைக்கும் தொடர் தண்டுவட முறை பொருந்தும் எனக் கூற இயலாது. இடுப்பெலும்பு முறிந்து, இதயமும் நுரையீரலும் நலிந்து, முழு மயக்கத்தையோ ஒற்றை ஊசியின் அழுத்த வீழ்ச்சியையோ தாங்க இயலாத முதியவரே இதனால் மிகுந்த பயன்பெறுபவர். முதியோர்க்கு ஊசித் தலைவலி இளையோரினும் குறைவாகவே வருவதால், அவர்களுக்குப் பருமனான கதீட்டரைப் பயன்படுத்துவதிலும் தடை குறைவு. எபிடியூரல் ஊசி தவறுதலாக டியூராவைத் துளைத்துவிடும் வேளையில், அவ்வழியே கதீட்டரைச் செலுத்தி இம்முறைக்கு மாறுவதும் உண்டு.

முடிவுரை

தொடர் தண்டுவட உணர்விழப்பின் நூற்றாண்டு கடந்த வரலாற்றில் ஊசியும் குழாயும் மருந்தும் பலமுறை மாறியுள்ளன. மாறாத அடிப்படை ஒன்றே: இம்முறையில் மருந்துக்கும் நரம்புக்கும் இடையே சவ்வு எதுவும் இல்லை. 2.5 மில்லிகிராம் மருந்தால் ஒரு முதியவரின் இரத்த அழுத்தத்தைக் காக்க முடிவதும், தேங்கிய மருந்தால் நிலையான ஊனம் நேர முடிவதும் இதனாலேயே. 1992இன் தடை கருவியை அகற்றியது. ஆயினும் பயன் கிடைக்காதபோது அளவைக் கூட்டும் இயல்பான போக்கே விபத்தின் வேர். உச்ச வரம்பைக் குறித்தல், உணர்விழப்பின் பரவலைச் சோதித்தல், கதீட்டரைத் தெளிவாக அடையாளப்படுத்தல், நோயாளியின் சொல்லைச் செவிமடுத்தல் ஆகிய நான்கும் கைவரும் இடத்தில் இம்முறை நலிந்த நோயாளிக்கு நற்றுணையாகும். அவை இல்லாத இடத்தில் எளிய மாற்று முறைகளே ஏற்றவை.